இரத்தம் உறையும் நேரம்: சோதனைகள் எவ்வளவு பயன்படும்?

காய் நறுக்கும்போது அரிவாள்மணை விரலில் பட்டுவிடுகிறது. இரத்தம் கசிகிறது. சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடுகிறது. அன்றாடம் நடப்பதால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். நம் உடலிலுள்ள ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தமும் குழாய்களுக்குள் ஓடும்வரை நீர்மமாகவே இருந்தாக வேண்டும். எங்காவது கட்டிதட்டினால் மாரடைப்போ பக்கவாதமோ நேரலாம். அதே இரத்தம், குழாய் கிழிந்த இடத்தில் மட்டும், கிழிந்த அளவுக்கு மட்டும், தாமதமின்றி உறைந்தாக வேண்டும். உறையாவிட்டால் சிறு காயமே உயிரைக் குடித்துவிடும்.

இந்த நுட்பமான சமநிலை ஒருவரிடம் சரியாக இருக்கிறதா என்பதை அறிய மருத்துவ ஆய்வுக்கூடத்தில் பல சோதனைகள் உள்ளன. பல் பிடுங்குவதற்கு முன்பும், குழந்தைக்குத் தொண்டைச் சதை எடுப்பதற்கு முன்பும், மகப்பேற்றுக்கு முன்பும் இவற்றைச் செய்துவரச் சொல்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முடிவுச் சீட்டில் சில எண்கள் இருக்கும். எதிரே ‘இயல்பு அளவு’ என்று வேறு சில எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். நம் எண் அந்த எல்லைக்குள் இருந்தால் மகிழ்கிறோம், தாண்டியிருந்தால் அஞ்சுகிறோம்.

அந்த மகிழ்ச்சிக்கும் அச்சத்திற்கும் எவ்வளவு ஆதாரம் உண்டு? ஒரு சோதனை துல்லியமாக அளக்கிறது என்பது ஒன்று. பயன்படுகிறது என்பது வேறொன்று. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாட்டை இக்கட்டுரையில் காண்போம்.

மூன்று காவல்கள்

முதலில் இரத்தம் எப்படி நிற்கிறது என்பதைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். குழாய் கிழிந்தவுடன் அது சுருங்குகிறது. இது முதற் காவல். அடுத்து, இரத்தத்தில் மிதந்து செல்லும் தட்டணுக்கள் என்னும் நுண்ணிய துகள்கள் கிழிந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து ஓர் அடைப்பாகின்றன. அவை சுவரில் ஒட்டுவதற்குப் பசைபோல உதவும் புரதத்திற்கு ‘வான் வில்லெபிராண்ட் காரணி’ என்று பெயர். இது இரண்டாம் காவல்.

தட்டணு அடைப்பு தற்காலிகமானது. அதைக் கெட்டிப்படுத்த ஃபைப்ரின் என்னும் இழைகளாலான வலை வேண்டும். இரத்தத்தில் கரைந்துள்ள ஃபைப்ரினோஜனை, த்ராம்பின் என்னும் நொதி ஃபைப்ரினாக மாற்றுகிறது. த்ராம்பின் உண்டாவதற்கு உறைதல் காரணிகள் எனப்படும் பல புரதங்கள் ஒன்றையொன்று தூண்டிவிட வேண்டும். இவற்றை ரோமன் எண்களால் குறிப்பது வழக்கம். இங்கு 8, 9, 12, 13 என்று நம் வழக்கமான எண்களாலேயே குறிப்போம். கடைசியாக, 13ஆம் காரணி ஃபைப்ரின் இழைகளைக் குறுக்கே பிணைத்து வலையை உறுதியாக்குகிறது. இது மூன்றாம் காவல்.

இம்மூன்றில் எது பழுதானாலும் இரத்தக்கசிவு நோய் தோன்றலாம். எனவே எல்லாக் காவல்களையும் ஒருசேரச் சோதிக்கும் ஒரே சோதனை கிடைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று மருத்துவர்கள் நெடுங்காலம் விரும்பியதில் வியப்பில்லை.

காதுமடலும் ஒற்றுத்தாளும்

அப்படி ஒரு சோதனையை 1910ஆம் ஆண்டில் டியூக் என்ற அமெரிக்க மருத்துவர் விளக்கி எழுதினார். காதுமடலில் ஒரு சிறு கீறல் செய்வார். அரை நிமிடத்திற்கு ஒருமுறை கசியும் இரத்தத்தை ஒற்றுத்தாளில் ஒற்றி எடுப்பார். கறையின் அளவு சிறுத்துக்கொண்டே வந்து, முடிவில் தாள் வெண்மையாகவே இருக்கும். அதுவரை சென்ற நேரமே ‘இரத்தக்கசிவு நேரம்’. தட்டணுக்கள் மிகக் குறைந்திருந்த நோயாளிகளிடம் இந்த நேரம் நீண்டிருந்ததையும், புது இரத்தம் செலுத்தியபின் குறைந்ததையும் அவர் காட்டினார். தட்டணுக்களின் பணியை உலகம் உணர்ந்துகொள்ள அது பேருதவியாயிற்று.

பின்னர் ஐவி என்பவர் இச்சோதனையை முன்கைக்கு மாற்றினார். மேற்கையில் பட்டையைக் கட்டி 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் வைத்து, முன்கையில் கீறலிடும் முறை அவருடையது. 1969இல் மீல்கேயும் அவர் குழுவினரும் கீறலின் நீளமும் ஆழமும் எப்போதும் ஒரே அளவாயிருக்கும்படி ஓர் அச்சுத்தகட்டைப் பயன்படுத்தினர். கருவி திருந்தத் திருந்தச் சோதனையின் மதிப்பும் உயர்ந்தது. அறுவைக்கு முன் யாவருக்கும் செய்யும் சடங்காகவே அது பரவிற்று.

ஆனால், அறுவையின்போது யாருக்கு இரத்தம் மிகுதியாகப் போகும் என்பதை இந்த எண் முன்கூட்டிச் சொல்லுமா? இக்கேள்விக்குரிய சான்றுகளையெல்லாம் திரட்டி 1990இல் ராட்ஜர்ஸ், லெவின் என்னும் இருவர் ஒரு நீண்ட திறனாய்வு வெளியிட்டனர். சொல்லும் என்பதற்குச் சான்று இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. 1998இல் அமெரிக்காவின் நோய்க்குறியியல் அமைப்புகள் இரண்டு, அறுவைக்கு முன் இச்சோதனையை வழக்கமாகச் செய்வதால் பயனில்லை என்று அறிவித்தன. பல பெரிய மருத்துவமனைகள் இதைக் கைவிட்டன.

ஏன் இப்படி ஆயிற்று? தோலின் தடிப்பு, தோலின் வெப்பநிலை, கீறுபவரின் கை, ஒற்றுபவரின் கை ஆகிய எல்லாமே அந்த எண்ணை மாற்றுகின்றன. அதைவிட ஆழமான காரணமும் உண்டு. முன்கைத் தோலில் இட்ட கீறல், வயிற்றுக்குள்ளோ மூளைக்குள்ளோ கத்தி படும்போது நடக்கப்போவதற்கு மாதிரியாகாது. கீறலை எவ்வளவு சீராக்கினாலும் இந்த இடைவெளி குறையாது.

குழாயில் ஓடும் கடிகாரம்

மூன்றாம் காவலான உறைதல் காரணிகளைச் சோதிக்க உடலைக் கீற வேண்டியதில்லை. இரத்தத்தை எடுத்துக் குழாயில் வைத்தே பார்க்கலாம். உறைதலுக்குக் கால்சியம் தேவை. எனவே எடுத்த இரத்தத்தைச் சோடியம் சிட்ரேட் கரைசலில் கலந்தால், சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, இரத்தம் உறைவதில்லை. அதைச் சுழற்றி அணுக்களைப் பிரித்தால் மேலே தெளிந்த பிளாஸ்மா நிற்கும். அதை 37 டிகிரி செல்சியஸில் வைத்து, உறைதலைத் தொடங்கிவைக்கும் பொருளையும் கால்சியத்தையும் சேர்த்துக் கடிகாரத்தை ஓடவிட வேண்டும். ஃபைப்ரின் தோன்றும் நொடியில் நிறுத்த வேண்டும்.

1935இல் குவிக் என்பவர் வகுத்த ‘புரோத்ராம்பின் நேரம்’ இவ்வகையில் புகழ்பெற்றது. திசுக்களிலிருந்து எடுத்த த்ராம்போபிளாஸ்டின் என்னும் பொருளைச் சேர்த்து இதைச் செய்வர். நலமுள்ளவரின் பிளாஸ்மா சுமார் 12 நொடிகளில் உறையும். மற்றொன்று, சுருக்கமாக ‘ஏ.பி.டி.டி.’ எனப்படுவது. மெல்லிய களிமண் தூள் அல்லது சிலிக்கா போன்ற, எதிர்மின் தன்மையுள்ள பரப்பினைக் கொண்டு உறைதலைத் தூண்டும் முறை இது. 1961இல் இன்றைய வடிவத்தைப் பெற்றது. பெரும்பாலும் 25 முதல் 35 நொடிகள் வரை ஆகும். ஹீமோஃபிலியா நோயில் குறைபடும் 8ஆம், 9ஆம் காரணிகளை இந்த இரண்டாவது சோதனையே காட்டிக்கொடுக்கும்.

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்ததும் மாணவர்கள் முதலில் செய்ய வேண்டியது சுழிப்பிழை பார்ப்பது. இங்கும் சுழிப்பிழை உண்டு. ஒன்பது பங்கு இரத்தத்திற்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. நரம்பு கிடைக்காமல் குழாயில் பாதி இரத்தமே எடுத்திருந்தால் சிட்ரேட் மிகையாகிவிடும். பின்னர் நாம் சேர்க்கும் கால்சியத்தையும் அது விழுங்கும். கடிகாரம் கூடுதலாக ஓடும். நோயாளியின் இரத்தத்தில் குறையே இல்லாவிட்டாலும் சீட்டில் குறை எழுதப்படும். இதனால்தான் இச்சோதனைக்குரிய குழாயில் உள்ள கோடு வரை இரத்தம் நிரப்பியாக வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள்.

ஆனால் சுழிப்பிழையைத் திருத்தி, நொடியின் பத்தில் ஒரு பங்கு வரை சரியாக அளந்துவிட்ட பிறகும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. குழாயில் நடப்பதுதான் உடலிலும் நடக்கிறதா?

ஹேகமன் கற்பித்த பாடம்

இக்கேள்விக்கு விடை தந்தவர் ஒரு மருத்துவர் அல்லர், ஒரு நோயாளி. அவரை நோயாளி என்று சொல்வதுகூடப் பொருந்தாது. ஜான் ஹேகமன் என்பவர் அமெரிக்க இரயில்வே ஊழியர். அறுவைக்கு முன் செய்த சோதனையில் அவருடைய இரத்தம் கண்ணாடிக் குழாயில் உறைய அளவுகடந்த நேரம் எடுத்துக்கொண்டது. ஹீமோஃபிலியா நோயாளியின் இரத்தத்தைப் போலவே அது நடந்துகொண்டது. ஆயினும் அவர் வாழ்க்கையில் ஒருபோதும் இரத்தக்கசிவால் துன்புற்றதில்லை.

இதை ஆராய்ந்த ராட்னாஃப், கொலோபி என்னும் இருவர், அதுவரை அறியப்படாத ஒரு காரணி அவரிடம் இல்லை என்று 1955இல் எழுதினர். அதுவே 12ஆம் காரணி. ‘ஹேகமன் காரணி’ என்றும் அழைப்பர். கண்ணாடியின் எதிர்மின் பரப்பைத் தொட்டதும் விழித்தெழுந்து உறைதலைத் தொடங்கிவைப்பது இக்காரணியே. ஆனால் நம் உடலுக்குள் கண்ணாடி இல்லை. காயம்பட்ட திசுவிலிருந்து வெளிப்படும் பொருளே அங்கு உறைதலைத் தொடங்குகிறது. ஆகவே 12ஆம் காரணி அறவே இல்லாதவருக்கும் காயத்தில் இரத்தம் வழக்கம்போலவே நிற்கிறது, ஏ.பி.டி.டி. மட்டும் மிக நீண்டிருக்கிறது.

இக்கதையின் முடிவு இன்னும் வியப்பானது. 1968இல் ஹேகமன் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தபோது இறந்தார். காரணம் இரத்தக்கசிவு அன்று. நுரையீரல் குழாயை அடைத்த இரத்தக்கட்டி. குழாயில் உறைய மறுத்த இரத்தம் உடலில் வேண்டாத இடத்தில் உறைந்துவிட்டது.

இதுபோன்ற மற்றொரு முரண்பாடும் உண்டு. ‘லூபஸ் உறைவெதிரி’ என்னும் எதிர்ப்பொருள் சிலருடைய இரத்தத்தில் காணப்படும். அது குழாயில் ஏ.பி.டி.டி.யை நீட்டிக்கும். அதே மனிதருக்கு உடலில் இரத்தக்கட்டி உண்டாகும் ஆபத்தோ மிகுதி. இரத்தக்கசிவு நோய் என்று எண்ணி இவரைக் கவனித்தால் நோய்க்கு நேர் எதிரான திசையில் சென்றவராவோம்.

சோதனை சரி, இரத்தம் நிற்கவில்லை

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். பிறந்து சில நாட்களான குழந்தையின் தொப்புள்கொடித் தழும்பிலிருந்து இரத்தம் கசிகிறது. நின்றது போலிருந்து மீண்டும் கசிகிறது. மேற்கூறிய இரு நேரச் சோதனைகளும் இயல்பாகவே இருக்கின்றன. தட்டணுக்களின் எண்ணிக்கையும் சரி. ஆனால் அக்குழந்தைக்கு 13ஆம் காரணி இல்லாமலிருக்கலாம்.

கடிகாரம் ஏன் இதைப் பிடிக்கவில்லை? ஃபைப்ரின் தோன்றிய நொடியில் நாம் கடிகாரத்தை நிறுத்திவிடுகிறோம். 13ஆம் காரணி வேலை செய்வது அதற்குப் பின்னர்தான். வலை பின்னப்பட்டதா என்று பார்த்தோம். வலை உறுதியாக உள்ளதா என்று பார்க்கவில்லை. இந்நோய் 1960இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. உறைந்த கட்டியைச் செறிவான யூரியாக் கரைசலில் போட்டு வைப்பது இதற்கான எளிய சோதனை. குறுக்குப் பிணைப்பு உள்ள கட்டி அப்படியே நிற்கும். இல்லாத கட்டி கரைந்துவிடும். காரணி ஓரளவு குறைந்திருந்தால் இச்சோதனையும் கண்டுபிடிக்காது; அளவையே நேரடியாகக் கணிக்க வேண்டும். கண்டறிந்துவிட்டால் மாதத்திற்கு ஒருமுறை போலக் காரணியைச் செலுத்தி மூளைக்குள் இரத்தம் கசியும் பேராபத்தைத் தடுக்கலாம். கண்டறியாமல் ‘எல்லாம் இயல்பு’ என்ற சீட்டுடன் வீட்டிற்கு அனுப்பிவிட்டால்? பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபுக்கூறு வந்தால்தான் இந்நோய் தோன்றும். ஆகவே நெருங்கிய உறவில் மணம் செய்யும் குடும்பங்களில் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

மற்றொன்று, தட்டணுக்களுக்குப் பசையாகும் காரணியின் குறைவு. பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லெபிராண்ட் 1926இல் இதை விவரித்தார். பால்டிக் கடலிலுள்ள ஓலந்துத் தீவுகளைச் சேர்ந்த ஹியோர்டிஸ் என்ற ஐந்து வயதுச் சிறுமியே அவருடைய முதல் நோயாளி. அவளுடைய தட்டணுக்களின் எண்ணிக்கை இயல்பாக இருந்தும், டியூக் முறையில் அளந்த இரத்தக்கசிவு நேரம் மிக நீண்டிருந்தது. பிற்காலத்தில் கைவிடப்பட்ட அதே சோதனை, சரியான இடத்தில் கேட்கப்பட்டபோது ஒரு புதிய நோயையே காட்டிக்கொடுத்ததைக் கவனியுங்கள். அச்சிறுமி 13ஆம் வயதில், தன் நான்காவது மாதவிடாயின்போது இரத்தப்போக்கினால் இறந்தாள்.

இந்நோயின் மிதமான வகை அரிதன்று. அதில் வழக்கமான நேரச் சோதனைகள் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அந்தக் காரணியின் அளவும் ஒரே நிலையில் நிற்பதில்லை. மன உளைச்சலிலும் நோய்த்தொற்றிலும் கருவுற்ற காலத்திலும் ஏறும். ஓ வகை இரத்தம் உள்ளவர்களிடம் இயற்கையிலேயே சற்றுக் குறைவு. எனவே ஒருநாள் எடுத்த சோதனை இயல்பாக இருந்தாலும், ஐயம் வலுவாக இருந்தால் மற்றொரு நாள் மீண்டும் பார்க்க வேண்டும். மாதந்தோறும் மிகுதியான போக்கினால் சோகை பிடித்து வாடும் பெண்கள் பலரிடம் ‘எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே’ என்று சொல்லிவிடுகிறோம். அவர்களுள் சிலருக்கு உண்மையான காரணம் இதுவாக இருக்கலாம்.

‘இயல்பு’ என்றால் என்ன?

எண்களின் பக்கம் சற்றுத் திரும்புவோம். ‘இயல்பு அளவு’ எவ்வாறு வகுக்கப்படுகிறது? நலமுள்ளவர் பலருக்குச் சோதனை செய்து, கிடைத்த எண்களை வரிசைப்படுத்துகிறார்கள். இரு கோடியிலும் நூற்றுக்கு இரண்டரைப் பேரை நீக்கிவிட்டு, நடுவிலுள்ள 95 விழுக்காட்டினரின் எல்லையையே இயல்பு என்று அச்சிடுகிறார்கள். அதாவது நலமுள்ள நூறு பேரில் ஐவர் எல்லைக்கு வெளியே நிற்பார்கள் என்பது அந்த வரையறைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகளை நலமுள்ள ஒருவருக்குச் செய்வதாக வைத்துக்கொள்வோம். இருபதும் எல்லைக்குள் இருப்பதற்கான நிகழ்தகவு 0.95ஐ இருபது முறை பெருக்கினால் கிடைக்கும். அது ஏறத்தாழ 0.36. எனவே ஏதாவது ஒன்றாவது எல்லையைத் தாண்டுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 64. ‘எதற்கும் எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம்’ என்பவர்கள் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

ஒரே சோதனை, இரு விடைகள்

இப்போது மையமான கணக்கிற்கு வருவோம். கீழ்வரும் எண்கள் விளக்கத்திற்காக நாமே எடுத்துக்கொண்டவை.

தொண்டைச் சதை எடுக்க வரும் குழந்தைகள் பத்தாயிரம் பேருக்கு ஒரு நேரச் சோதனை செய்கிறோம். அவர்களுள் பத்துப் பேருக்கு உண்மையில் இரத்தக்கசிவு நோய் உள்ளது. சோதனை மிக நல்ல சோதனை; நோயுள்ள பத்துப் பேரில் ஒன்பது பேரைப் பிடித்துவிடும். நலமுள்ளவர்கள் 9,990 பேர். அவர்களுள் நூற்றுக்கு இரண்டரைப் பேருக்கு நேரம் எல்லைக்கு மேல் இருக்கும். அதாவது ஏறத்தாழ 250 பேர். ஆகச் சீட்டில் ‘நீண்டிருக்கிறது’ என்று எழுதப்படுபவர்கள் 259 பேர். அவர்களுள் உண்மையான நோயாளிகள் ஒன்பதே பேர், நூற்றுக்கு மூன்றரை. மீதி 250 குழந்தைகளின் அறுவை தள்ளிப்போகும். மீண்டும் ஊசி, மீண்டும் செலவு, பெற்றோருக்குத் தூக்கமில்லாத இரவுகள்.

அடுத்து, அதே சோதனையை வேறொரு குழுவுக்குச் செய்வோம். பல் விழுந்தபோது இரத்தம் நிற்காதவர்கள், தாய்மாமனுக்கு இத்தகைய நோய் இருந்தவர்கள் என விசாரித்துப் பிரித்தெடுத்த நூறு பேர். அவர்களுள் இருபது பேருக்கு உண்மையில் நோய் உள்ளது என்று கொள்வோம். சோதனை 18 பேரைப் பிடிக்கும். நலமுள்ள 80 பேரில் இரண்டு பேர் தவறாக மாட்டுவர். இப்போது ‘நீண்டிருக்கிறது’ என்ற இருபது பேரில் 18 பேர் உண்மையான நோயாளிகள், நூற்றுக்குத் தொண்ணூறு!

அதே குழாய், அதே கடிகாரம், அதே கைகள். மூன்றரை தொண்ணூறாயிற்று. மாறியது ஒன்றுதான்: யாரிடம் அந்தச் சோதனையைச் செய்தோம் என்பது. ஒரு சோதனையின் பயன் கருவிக்குள் மட்டும் அடங்கியிருப்பதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது. பிரிட்டனின் இரத்தவியல் வல்லுநர் குழு 2008இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்லிற்று: அறுவைக்கு முன் எல்லோருக்கும் கண்மூடித்தனமாக உறைதல் சோதனை செய்ய வேண்டாம், இரத்தக்கசிவு வரலாற்றை முறையாக விசாரியுங்கள், தேவைப்படுவோருக்குச் சோதியுங்கள்.

கேள்வி தெளிவானால்

அப்படியானால் இச்சோதனைகள் வீணா? ஒருபோதும் இல்லை. கேள்வி தெளிவாக இருக்குமிடத்தில் அவை உயிர் காக்கின்றன.

செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர் இரத்தக்கட்டி உண்டாகாதிருக்க வார்ஃபரின் மாத்திரை உட்கொள்கிறார். மருந்து குறைந்தால் கட்டி, மிகுந்தால் கசிவு. இங்கே கேள்வி, ‘இவருக்கு இம்மருந்து எவ்வளவு வேலை செய்கிறது?’ என்பது. புரோத்ராம்பின் நேரம் இதற்கு அருமையாக விடை தருகிறது. ஆய்வுக்கூடத்திற்கு ஆய்வுக்கூடம் வேதிப்பொருள் மாறுவதால் நொடிகளும் மாறும். இதைத் தவிர்க்க, 1983 முதல் உலக நலவாழ்வு நிறுவனம் ‘ஐ.என்.ஆர்.’ என்னும் பொது அளவுமுறையைப் பரிந்துரைத்தது. சென்னையில் எடுத்த எண்ணை மதுரை மருத்துவரும் அப்படியே புரிந்துகொள்ளலாம்.

முன்பு கூறிய ஏ.பி.டி.டி. நீண்டிருந்தால் அடுத்து ஓர் எளிய உத்தி உண்டு. நோயாளியின் பிளாஸ்மாவையும் நலமுள்ளவரின் பிளாஸ்மாவையும் சரிபாதி கலந்து மீண்டும் அளப்பார்கள். நேரம் சரியாகிவிட்டால் ஏதோ ஒரு காரணி குறைந்திருந்தது என்றும், சரியாகாவிட்டால் உறைதலைத் தடுக்கும் பொருள் ஒன்று உள்ளது என்றும் ஊகிக்கலாம். பிறகு குறிப்பிட்ட காரணியை அளந்து நோயை உறுதிசெய்வர்.

எளிமைக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால், நம் கிராமப்புற மருத்துவமனைகளில் பாம்புக்கடிக்குச் செய்யும் சோதனையைச் சொல்லலாம். கண்ணாடி விரியனின் நஞ்சு உறைதல் காரணிகளைத் தாறுமாறாகத் தூண்டிவிட்டு, ஃபைப்ரினோஜனைத் தீர்த்துவிடுகிறது. பிறகு காயத்தை அடைக்க மூலப்பொருளே இருப்பதில்லை. இதை அறிய, நரம்பிலிருந்து எடுத்த இரண்டு மில்லிலிட்டர் இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒருமுறை சாய்த்துப் பார்க்கிறார்கள். இரத்தம் இன்னும் நீர்மமாக ஓடினால் நஞ்சு இரத்தத்தைத் தாக்கிவிட்டது. நஞ்சுமுறி மருந்து வேண்டும்.

மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். ஆனால் குழாய் கண்ணாடியாகவே இருக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயிலோ, சோப்புத்தூளால் கழுவிய குழாயிலோ நலமுள்ளவர் இரத்தமும் உறையாமல் போகலாம். ஹேகமன் விஷயத்தில் நம்மை ஏமாற்றிய அதே கண்ணாடிப் பரப்பு இங்கே நமக்கு உதவுகிறது. இச்சோதனைக்கும் குறை உண்டு. மிதமான பாதிப்பை இது தவறவிடலாம். ஆகவே ஒருமுறை உறைந்துவிட்டது என்று நிம்மதியடையாமல், நோயாளியைக் கவனித்துக்கொண்டே மீண்டும் மீண்டும் செய்து பார்க்க வேண்டும்.

விலையில்லாச் சோதனை

எல்லாவற்றிலும் முந்திச் செய்ய வேண்டியதும், காசு செலவில்லாததுமான சோதனை ஒன்று உண்டு. அதுதான் கேள்வி கேட்பது. பல் பிடுங்கியபின் மறுநாளும் இரத்தம் கசிந்ததா? மூக்கில் அடிக்கடி இரத்தம் வந்து நெடுநேரம் நிற்காமலிருந்ததா? அடிபடாமலே உடலில் பெரிய கன்றல்கள் தோன்றுகின்றனவா? மாதவிடாய் ஏழு நாட்களுக்கு மேல் நீடிக்கிறதா? பிள்ளைப்பேற்றிலோ முந்தைய அறுவையிலோ இரத்தம் ஏற்ற வேண்டியிருந்ததா? உடன்பிறந்தோர், தாய்வழி மாமன்மார் யாருக்கேனும் இத்தகைய தொல்லை உண்டா? ஆஸ்பிரின் போன்ற வலிமாத்திரை ஏதேனும் உட்கொண்டீர்களா? ஆஸ்பிரின் தட்டணுக்களை அவற்றின் ஆயுள் முழுவதும், அதாவது ஒரு வாரத்திற்கு மேலாகவே, செயலிழக்கச் செய்துவிடும் என்பதால் கடைசிக் கேள்வியும் சிறியதன்று.

இக்கேள்விகளுக்கு மதிப்பெண் இட்டு ஒரு அளவுகோலாகவே பன்னாட்டு வல்லுநர்கள் 2010இல் வகுத்துள்ளனர். ஆயினும் இதற்கும் எல்லை உண்டு. இதுவரை காயமோ அறுவையோ படாத சிறு குழந்தைக்குச் சொல்ல வரலாறு இராது. மிதமான ஹீமோஃபிலியா உள்ள பையன் முதல் அறுவை வரை நலமாகவே தோன்றலாம். அங்கே குடும்ப வரலாறுதான் துணை. அதுவும் இல்லாதபோதும், பெரிய அறுவையின்போதும் சோதனை தேவையா என்பதை மருத்துவர் முடிவுசெய்வார்.

நீங்கள் செய்யக்கூடியது எளிது. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது காயத்தில் இரத்தம் நிற்கத் தாமதமானது உண்டா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்க மறந்தாலும் அதை நீங்களே சொல்லுங்கள். மாதவிடாய் பற்றிச் சொல்லக் கூச்சப்படும் பெண் பிள்ளைகளுக்கு, அது மறைக்க வேண்டிய செய்தியன்று என்று எடுத்துக் கூறுங்கள். சோதனைச் சீட்டு இயல்பு என்று சொல்லியும் இரத்தம் மீண்டும் மீண்டும் கசிந்தால், சீட்டைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்ப விடாதீர்கள். ‘இந்தச் சோதனை எதைப் பார்க்காது?’ என்று பணிவோடு கேளுங்கள். சீட்டில் ஓர் எண் சற்று நீண்டிருந்தால் உடனே கலங்கவும் வேண்டாம். குழாய் நிரம்ப இரத்தம் எடுத்தார்களா, மீண்டும் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

கடிகாரம் நொடிகளைத்தான் எண்ணும். அந்த நொடிகள் எந்தக் கேள்விக்கு விடை என்பதை நாம்தான் முன்னதாகத் தீர்மானிக்க வேண்டும்.